பாண்காரன் போட்ட மேப்

புவனேந்திரனின் பாண் ஆட்டோவில் பிரேக் பிடிக்கக் கொஞ்சம் யோசிக்கும். பாட்டுப் பெட்டி யோசிக்கவே யோசிக்காது. பாண் ரொட்டி ஏற்றுகிற பதுளை பேக்கரி வாசலில் சாவியைத் திருப்பினால் தொடங்கும். ஸ்பிரிங்வெளி தாண்டி, மூணாம்பாலத் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகள் நிற்கிற மேல் லயம் வரைக்கும் அதே மெட்டை ஊதிக்கொண்டே வரும். சத்தம் கேட்டதும் கொழுந்துக்குக் கிளம்புகிற பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். நாய்கள் கூடவே பாடும். பள்ளிக்கூடத்துக்குப் போக மனமில்லாத பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வரும் நேரமும் அதுதான்.

புவனேந்திரனுக்கும் அந்த வயிற்றுவலி நிறைய வந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவனும் ஒருவரையொருவர் சமாதானமாக விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு தோட்டத்துப் பையன்கள் எல்லோரும் போகிற வழியே கொழும்புக்குப் போனான். வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடை. முதலில் மேசை துடைத்தான், பிறகு பரோட்டா போட்டான், பிறகு பரோட்டாவைக் கொத்தினான். அந்தத் தொழிலில் பதவி உயர்வு என்றால் அதுதான்.

அங்கே ஒரு மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், கூட வேலை செய்த மட்டக்களப்புப் பையன் தன் போனில் மேப்பைத் திறந்து ஊரைக் காட்டினான். இது எங்கட றோட், இது கோயில், இது நான் படிச்ச பள்ளிக்கூடம் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். புவனேந்திரனும் தன் ஊரைத் தேடினான். பதுளை இருந்தது. ஸ்பிரிங்வெளிக்குப் போகிற ரோடு இருந்தது. அதற்கு மேலே பச்சை. கோடு இல்லை, புள்ளி இல்லை, பெயர் இல்லை, பாசி பிடித்த குளம் மாதிரி ஒரே பச்சை.

“டேய், உங்கட ஊரில மனுசர் இருக்கிறாங்களா, இல்லாட்டி மாடு மட்டுமா?” என்று மட்டக்களப்புப் பையன் கேட்டான்.

புவனேந்திரனும் சேர்ந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுப் போய் வெங்காயம் உரித்தான். வெங்காயம் உரிக்கிறவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

கொழும்பு போதும் என்று திரும்பி வந்து, கொழுந்து எடுக்கிற விஜயலெட்சுமியைக் கட்டி, பேக்கரியின் பாண் ஆட்டோவை ஓட்டத் தொடங்கிய பிறகும் அந்தப் பச்சை அவன் மனதில் அப்படியே கிடந்தது. போன் கண்ணாடி உடைந்து பதுளையில் ஹாஷிமின் கடைக்குப் போன ஒரு நாள்தான் அதற்கு வழி பிறந்தது. ஹாஷிம் போன் திருத்துகிறவன். கண்ணாடி ஒட்டுகிற பசை காயும் வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் ஒரு வெப்சைட்டைக் காட்டினான். உலகம் முழுவதற்குமான மேப். யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாவிக்கலாம்.

“யாரும்னா? நானுமா?”

“நீங்களும்தான் அண்ணே. நீங்க போடுற றோட்டை ஜெர்மன்ல இருந்து ஒருத்தன் பாப்பான்.”

“பிழையாப் போட்டுட்டா?”

“தெரிஞ்ச இன்னொருத்தன் வந்து திருத்துவான்.”

“மூணாம்பாலத்துக்கு எவன்டா வரப் போறான் திருத்த?”

அதற்கு ஹாஷிமிடம் பதில் இல்லை. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்தப் பதில் இல்லாமைதான் காரணம் என்று சொல்லலாம்.

அடுத்த நாளிலிருந்து புவனேந்திரன் பாண் விற்கும்போது போன் பாதையைப் பதிந்துகொண்டே வந்தது. சாயங்காலம் பார்த்தால் மலையைச் சுற்றி ஒரு நீலக் கோடு. பாணுக்காக ஆட்டோ நின்ற இடமெல்லாம் கோட்டில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது. முடிச்சு விழுந்த இடமெல்லாம் வீடு. கோட்டை ரோடாக்கி, முடிச்சுகளை வீடாக்கி, மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து லயத்துக் கூரைகளை நீட்டு நீட்டாக வரைந்தான். பச்சை கொஞ்சம் கொஞ்சமாக விலகி ஊர் வெளியே வந்தது.

பெயர் வைக்கத்தான் கொஞ்சம் முழித்தான். ஹாஷிம் அந்த வெப்சைட்டின் சட்டத்தை வாசித்துச் சொன்னான்: அந்த இடத்து ஆட்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுத வேண்டும். புவனேந்திரனுக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துப்போனது. வாழ்க்கையில் அவனுக்கு விளங்கிய முதல் சட்டம் அது.

தோட்டத்தில் கடிதம் எல்லாம் ஒரே விலாசத்துக்குத்தான் வரும். லயத்தின் ஒற்றை அறை வீடுகளான காம்பராக்களுக்கு நம்பர் இருந்தாலும் அது யாருக்கும் ஞாபகமில்லை. ஆட்கள் சொல்கிற பெயர்கள்தான் வழி. ஆகவே ரோடு வளைகிற முடக்கு, தண்ணீர் பிடிக்கிற பீலி, வீடு எல்லாவற்றுக்கும் அவன் சட்டப்படி எழுதினான்: கங்காணி விழுந்த முடக்கு. சீனித்தண்ணி பீலி. மூக்குப்பொடி வீடு. ரெண்டு ரேடியோ வீடு. போனில் பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூக்குப்பொடி வீட்டுக்காரரே பேத்தியின் போனை வாங்கிப் பார்த்து, “நம்மளையும் போட்டுட்டான் பாரு” என்று பெருமையாகத் தும்மினார்.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் புவனேந்திரன் சட்டத்தை மீறினான். முதல் நாளே கருகின பாணைக் கொண்டுவந்து விற்றதால் லயத்தில் அவன் வீட்டுக்கு ‘கருகின பாண் வீடு’ என்று பெயர். மேப்பில் அது ‘விஜயலெட்சுமி இல்லம்’ என்று இருந்தது.

“எம்மேல உள்ள ஆசையில போட்டியா, ஒன் மானத்தக் காப்பாத்திக்கப் போட்டியா?” என்று விஜயலெட்சுமி கேட்டாள்.

“ரெண்டுந்தான்.”

“மொதல்ல எது?”

அவன் சட்டென்று ஆட்டோவைக் கழுவப் போய்விட்டான்.

மேல் லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு என்ன எழுதுவது என்று அவன் யோசிக்கவேயில்லை. விரல் தானாக எழுதியது: ஓடிப்போனவன் வீடு. அது இராக்கம்மாவின் வீடு. அவள் புருஷன், மகள் நிலுக்ஷி கைப்பிள்ளையாக இருந்தபோது கொழும்புப் பக்கம் வேலைக்கென்று போனவன், வரவில்லை. நீர்கொழும்பில் இன்னொரு குடும்பத்தோடு இருப்பதாகப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். இராக்கம்மா கொழுந்தெடுத்தே மகளைப் படிக்கவைத்தாள். நிலுக்ஷி இப்போது முன்பள்ளி டீச்சர். ஆனால் லயத்தில் வழி சொல்கிறவர்கள் இன்னும் ‘ஓடிப்போனவன் வீட்டுக்கு அடுத்தது’ என்றுதான் சொன்னார்கள். அதில் யாருக்கும் வஞ்சம் இல்லை. வஞ்சம் இல்லாமல் சொல்லிச் சொல்லியே அது பழகிவிட்டிருந்தது. எழுதிய கையோடு ஜெர்மன்காரன் ஒருவன் உண்மையாகவே அந்த வெப்சைட்டில் அவனுக்கு நன்றி எழுதினான். புவனேந்திரன் அதை ஒரு வாரம் வைத்து எல்லோருக்கும் காட்டினான்.

இப்படி இருக்கும்போது நிலுக்ஷிக்குத் தெமோதரையிலிருந்து தரகர் மூலம் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சசிதரன், பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு பெண் பார்க்க வருகிறார்கள். வழி தெரியாதே என்று அவன் கேட்டதற்கு நிலுக்ஷி பெருமையாக, எங்கள் தோட்டம் மேப்பில் இருக்கிறது என்று அனுப்பிவைத்தாள். மேலே சிக்னல் கிடையாது, முன்னாடியே டவுன்லோட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் புத்தியோடு சொல்லியும் விட்டாள். சசிதரன் உடனே டவுன்லோட் செய்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அவள் தன் வீட்டை விரலால் விரித்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஆட்டோ மேல் லயத்துக்கு வந்தபோது இராக்கம்மா பையில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். கையில் மகளின் போன். பக்கத்தில் மகள், அழுது முடித்த கண்ணோடு.

“எத்தன பாண் அக்கா?”

“பாண் இருக்கட்டும் தம்பி. இதக் கொஞ்சம் வாசி.”

வாசித்தான். “இது… யாரோ போட்டிருக்கான் அக்கா. இதுல யாரும் போடலாம். ஜெர்மன்காரன்கூட…”

“ஜெர்மன்காரனுக்கு எம் புருசன் ஓடிப்போனது எப்படித் தெரியும்?”

பாட்டுப் பெட்டி மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

“நாந்தாங்க்கா,” என்றான் புவனேந்திரன்.

“தெரியும்.” இராக்கம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும். “காதால எத்தனையோ வாட்டி கேட்டிருக்கேன். பீலியில கேட்டிருக்கேன், காலையில பேர் குடுக்குற பெரட்டுல கேட்டிருக்கேன், சாமி கும்புடப் போன எடத்துலயும் கேட்டிருக்கேன். சொல்றவங்க வாய மூடுனதும் அது போயிரும். இது போவ மாட்டேங்குது. தொட்டா பெருசா வேற ஆவுது.”

புவனேந்திரன் வெளியே இழுத்த பாண் தட்டைத் திரும்ப உள்ளே தள்ளினான்.

“தரகர்கிட்ட, அவரு கொழும்புப் பக்கம்னு மட்டுந்தான் சொல்லிவச்சிருக்கேன்,” என்றாள் இராக்கம்மா. “மிச்சத்த மறைக்கணும்னு இல்ல. வந்து ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கட்டும், எம் வாயால நானே சொல்றேன்னு இருந்தேன். எத மொதல்ல சொல்றது, எத அடுத்து சொல்றதுன்னு யோசிச்சுகூட வச்சிருக்கேன். எனக்கு முந்தி இது சொல்லிரக் கூடாது தம்பி. அவ்வளவுதான்.”

“அழிச்சிருங்க அண்ணே,” என்றாள் நிலுக்ஷி.

சிக்னல் கிடைப்பது கங்காணி விழுந்த முடக்கில் மட்டும்தான். லயத்து ஆட்கள் பாணுக்குக் காத்து நிற்க, புவனேந்திரன் ஆட்டோவைத் திருப்பி அங்கே ஓடி, பெயரை அழித்துவிட்டு, நேரே பதுளைக்கே போய்விட்டான்.

ஹாஷிம் விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். “வெப்சைட்டில அழிஞ்சிட்டு அண்ணே. ஆனா அவங்கட போன்ல கிடக்கிறது பழைய மேப். திரும்ப டவுன்லோட் பண்ணுற வரைக்கும் அது மாறாது.”

“நீ இங்க இருந்து ஒண்ணும் செய்ய முடியாதா?”

“நான் போன் திருத்துறவன். அடுத்தவன்ட போனுக்குள்ள பூர ஏலாது.”

“திரும்ப டவுன்லோட் பண்ணச் சொன்னா?”

“ஏன்னு கேப்பாங்களே.” ஹாஷிமுக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “ஒண்டு இருக்கு. வீட்டுப் பேர் தூரத்துல தெரியாது. கிட்டப் போய், நல்லாப் பெரிசாக்கினாத்தான் தெரியும். அவங்களுக்குப் பெரிசாக்குற தேவை வராமப் பாத்துக்கொள்ளுங்க.”

ஆகவே ஞாயிற்றுக்கிழமை புவனேந்திரன் தானே வழிகாட்டியாக இறங்கினான். அன்றைக்கு அவனுக்குப் பாண் ஓட்டம் இல்லை. ஆட்டோவை மட்டும் கேட்டால், பேக்கரி முதலாளி சும்மா போகிற வண்டிதானே என்று தட்டு நிறையப் பாணையும் ஏற்றிவிட்டார். பாட்டுப் பெட்டியை நிறுத்தவும் வழியில்லை. அது சாவியோடு சேர்ந்தது. வண்டி ஓடினால் பாட்டும் ஓடும்.

ஸ்பிரிங்வெளி தாண்டி ரோடு பிரிகிற இடத்தில் காத்து நின்றான். முன்னால் சாமி மாலை கட்டிய வெள்ளை வேன் வந்தது. பின்னால் மாப்பிள்ளையும் சொந்தக்காரர்களும். முன் சீட்டில் மாப்பிள்ளையின் அம்மா, கனத்த உடம்பு, கனத்த கண்ணாடி, மடியில் மகனின் போன்.

“மூணாம்பாலத்துக்குத்தானே? இராக்கம்மாக்கா வீட்டுக்கு? எம் பின்னால வாங்க.”

“எங்ககிட்ட மேப்பு இருக்கு தம்பி,” என்றார் அந்த அம்மா.

“அது பழசுங்கம்மா. ரோடு மாறிருச்சு.”

“ரோடு எங்க போவும்?”

“மழைக்குக் கொஞ்சம் கீழ எறங்கிருச்சுங்க.”

மழைக்கு மண் சரிகிற அந்தப் பக்கத்து மலையில் இதை யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். வேன் பாண் ஆட்டோவின் பின்னால் ஏறத் தொடங்கியது. முன்னால் ஊதிக்கொண்டு ஒரு வண்டி, பின்னால் மாலை கட்டிய ஒரு வண்டி. பார்த்தவர்கள் கல்யாணமே முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

திட்டத்தில் இருந்த ஓட்டை கீழ் லயத்தில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பாண் சத்தம் கேட்டதும் ஊரே பையோடு ரோட்டுக்கு வந்துவிட்டது.

“இன்னைக்குப் பாண் இல்ல! வழி விடுங்க!”

“கண்ணாடிக்குள்ள என்னா, செங்கல்லா?” என்றாள் ஒருத்தி.

“இவரு இப்ப பெரிய ஆளு, ஜெர்மனுக்குத்தான் பாண் குடுப்பாரு,” என்றாள் இன்னொருத்தி.

கூட்டம் ஆட்டோவைச் சுற்றிக்கொண்டது. பின்னால் வேன் நின்றது. வேன் நின்றால், மடியில் போன் இருக்கிற மனுஷி வேறு என்ன செய்வாள்? ஆட்டோக் கண்ணாடியில் புவனேந்திரன் பார்த்தான்: அந்த அம்மாவின் இரண்டு விரல்கள் போனின் மேல் விரிந்தன. மறுபடி விரிந்தன. வாய்விட்டுச் சிரித்தார்.

“ஏப்பா பாண்காரத் தம்பி! கங்காணி விழுந்த முடக்குன்னு போட்டிருக்கே, நெசமாவா? எந்த எடம்?”

“நாம… தாண்டியாச்சுங்கம்மா!”

“மூக்குப்பொடி வீடாம்! டேய் சசி, பாருடா!”

புவனேந்திரன் இறங்கி ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து பாணை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் காசு வாங்காமலே கூட்டத்துக்குக் கொடுத்தான். கேட்டவர்களுக்கும் கொடுத்தான், கேட்காதவர்களுக்கும் கொடுத்தான், ஒரு நாய்க்கும் கொடுத்தான். வழி கிடைத்தது. ஆட்டோவின் உயிர் போகிற மாதிரி முறுக்கினான். ஆனால் மேட்டில் பாண் ஆட்டோவை முறுக்கினால் எவ்வளவு போகும்? பின்னால் வேனுக்கு ஆற அமரப் படித்துக்கொண்டு வரப் போதுமான நேரம் இருந்தது.

மேல் லயத்து வாசலில் வேன் நின்றபோது முன் சீட்டில் சிரிப்பு இல்லை. அந்த அம்மா குனிந்து போனைப் பார்த்தார். நிமிர்ந்து கடைசிக் காம்பராவைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். விரல் அப்படியே நின்றுவிட்டது.

நல்ல சேலை கட்டி வாசலில் நின்ற இராக்கம்மா போனைப் பார்த்தாள், பிறகு புவனேந்திரனின் முகத்தைப் பார்த்தாள். அவன் முகமும் ஒரு மேப்தான். பெரிதாக்காமலே எல்லாம் தெரியும். உள்ளே திரைத்துணிக்குப் பின்னால் நிலுக்ஷியின் வளையல் ஒரு தடவை குலுங்கி நின்றது.

இராக்கம்மா யோசித்து வைத்திருந்த வரிசையெல்லாம் அந்த நிமிஷம் கலைந்திருக்க வேண்டும். தேத்தண்ணி இல்லை, உட்காருங்கள் இல்லை. படியிறங்கி வேனுக்குக் கிட்ட வந்தாள்.

“நீங்க பாக்குறது சரிதாங்க. எடம் மாறி வரல்ல,” என்றாள். “ஓடிப்போனவன் வீடு இதுதான். அந்தாளு போயி எத்தனையோ வருசமாச்சு, நீர்கொழும்புல இன்னொரு குடும்பம் இருக்கு. ஓடிப்போகாதவ நான் இங்கதான் இருக்கேன், எம் மகளும் இருக்கா. வாரதுன்னா வாங்க. இல்லாட்டியும் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க.”

வேன்காரன் எஞ்சினை நிறுத்தினான். அந்த அமைதியில் பாண் ஆட்டோ மட்டும் தன் மெட்டை உற்சாகமாக ஊதிக்கொண்டிருந்தது. புவனேந்திரன் பாய்ந்துபோய்ச் சாவியைப் பிடுங்கினான். லயத்தில் எல்லாக் கதவிலும் தலைகள். அந்தப் பெயரை வாய் கூசாமல் சொன்னவர்கள் எல்லோரும் அதை முதல் தடவையாக அவள் வாயால் கேட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா போனை மகனிடம் நீட்டினார். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார், மற்றக் கால் வரவில்லை.

“கையக் கொஞ்சம் குடுங்க,” என்றார் இராக்கம்மாவிடம். “முழங்கால் புடிச்சிருச்சு. இந்தப் பாண் வண்டிக்குப் பின்னால வந்து வந்து மனுசருக்கு மூட்டெல்லாம் போச்சு.”

இராக்கம்மா கையைக் கொடுத்தாள். உள்ளே போகும் வரைக்கும் அந்தக் கை விடவில்லை.

புவனேந்திரனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. வெறும் பாண் தட்டுகளோடு வெளியே நின்றான். உள்ளே இராக்கம்மாவின் குரல் நீளமாக, ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நடுவில் கோப்பைகளின் சத்தம். பிறகு அந்த அம்மாவின் குரல், ஏதோ கேள்வி. பிறகு நிலுக்ஷி என்னவோ சொல்ல, ஆண்கள் சிரிப்பது கேட்டது. விஜயலெட்சுமி வந்து பக்கத்தில் நின்றாள். காலியான தட்டுகளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலை துப்ப வெளியே வந்தார். தண்ணீர் ஓடுகிற கானோரம் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நேரே அவனிடம் வந்தார்.

“மேப்பு போட்ட ஆளு நீங்கதானே?”

“இல்லீங்கம்மா, அது ஜெர்…” விஜயலெட்சுமி அவனைப் பார்த்தாள். “ஆமாங்கம்மா. நாந்தான்.”

“ரோடு எறங்கிருச்சுன்னு சொன்னப்பவே நெனச்சேன், இவன் எதையோ ஒளிக்கிறான்னு. அதாலதான் இன்னும் நல்லா உத்துப் பாத்தேன்.”

புவனேந்திரனுக்கு அப்படியே ரோடோடு ரோடாக இறங்கிவிடலாம் போல இருந்தது.

“பையனுக்கு அந்தப் புள்ளையப் புடிச்சிருக்கு,” என்றார் அந்த அம்மா. “எனக்கு அந்தத் தாயப் புடிச்சிருக்கு. வீட்டுக்காரரு இல்லாம நானும்… சரி, அத விடுங்க. தை மாசம் வச்சிக்கலாம்னு பேசியிருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எங்க தோட்டமும் மேப்புல பச்சையாத்தான் கெடக்கு. ஒரு நாள் வந்து போட்டுக் குடுக்குறீங்களா?”

“போடுறேங்கம்மா. கட்டாயம் போடுறேன்.”

“ஆனா எங்க வீட்டுக்கும் லயத்துல ஒரு பேரு இருக்கு.”

சுற்றிப் பார்த்துவிட்டு, அவன் காதருகில் குனிந்து அதைச் சொன்னார். புவனேந்திரனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“எழுதிர மாட்டீங்களே?”

“மாட்டேங்கம்மா.”

எழுதவில்லை. தெமோதரைப் பக்கம் போய் அவன் வரைந்த லயங்கள் இப்போது மேப்பில் இருக்கின்றன, ரோடு இருக்கிறது, பீலிகூட இருக்கிறது. அந்த வீடு வெறும் கூரையாக இருக்கிறது. என்ன பேர் என்று விஜயலெட்சுமி இன்றைக்கும் சோறு போடும்போதெல்லாம் கேட்டுப் பார்க்கிறாள். அவன் குழம்பை ஊற்றச் சொல்கிறான்.